ஹோட்டன் சமவெளி: லீவுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கூடலூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ள மலையகக் குடும்பங்களில் பலர் முதுமலையைப் பார்த்திருப்பார்கள். அங்கே வனத்துறை வண்டியில் ஏறினால் காட்டைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். புலிக்காடு என்பதால் இறங்கி நடக்க விடமாட்டார்கள். அதே எண்ணத்தோடு நுவரெலியாப் பக்கத்துத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்குப் போனால் தடுமாற வேண்டிவரும். நடைபாதை தொடங்கும் ஃபார் இன் (Farr Inn) என்ற இடம் வரைதான் வண்டி போகும். அதற்கப்பால் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நடை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும். வரிப்புலி இலங்கையிலேயே இல்லை. தோட்டத்தில் நாம் புலி என்பது சிறுத்தையைத்தான்.

எல்லாவற்றிலும் முக்கியம் நேரம். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். உலக முடிவு (World's End) என்ற மலை விளிம்பில் ஏறக்குறைய 870 மீற்றர் கிடுகிடு பள்ளம்; வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டுச் சூட்டுக்காற்று அந்தச் சுவரில் மேலேறிக் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குப் போய் நின்றால் வெள்ளைத் திரை மட்டுமே தெரியும். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே வண்டி புறப்பட வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று, மூன்றரை. "விடிஞ்ச பொறகு போகலாம் சார்" என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டிப்பொலவுக்கோ ஓஹியவுக்கோ ரயிலில் வந்து இறங்கி ஏறுவது அழகான பயணம், ஆனால் பள்ளம் பார்க்க நேரம் தப்பிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. அந்த மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், பிள்ளைகளுக்குக் குல்லாவும் கையுறையும் கட்டாயம்.

அடுத்தது டிக்கெட். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தமிழ் பேசினாலும் பிறந்தது தலவாக்கலை என்றாலும் வாசலில் கேட்பது தேசிய அடையாள அட்டையை அல்லது இலங்கைக் கடவுச்சீட்டை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதைக் காட்டும் பத்திரத்தை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆள் கட்டணம் போக வண்டிக்கும் சேவைக்கும் தனியாக அறவிடுவார்கள், மேலே 18 சதவீத வரி. வேன் வாடகை பேசும்போதே வண்டி நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்று பேசி முடித்துவிடுங்கள். காலையில் வரிசையில் நின்று தர்க்கம் பண்ணினால் போவது உங்கள் நேரம்தான்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன், பிஸ்கட் உறை, லஞ்ச் சீட் எதுவும் உள்ளே போகாது. போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டுபோனால் தொல்லையில்லை. இந்தக் கெடுபிடி நியாயமானது. ஃபார் இன் அருகே மரைகள் (கடமான்கள்) ஆளுக்குப் பயமில்லாமல் வரும். தீனி வாசம் பட்டால் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். பாண் துண்டைக்கூட நீட்டாதீர்கள். மலசலகூடமும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், பாதையில் கிடையாது.

முதலில் உலக முடிவு, திரும்பும்போது பேக்கர்ஸ் அருவி என்று வைத்துக்கொண்டால் பனியை முந்தலாம். அருவிக்கு இறங்கும் படி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். மூட்டுவலி உள்ள அப்பாயி, அம்மாயிகளை அங்கே இறக்க வேண்டாம். செருப்பு உதவாது.

சிறுத்தை கண்ணில் படுவது அபூர்வம். மரைதான் அதன் முக்கிய இரை. விடியலில் வாசலுக்கும் ஃபார் இன்னுக்கும் இடைப்பட்ட ரோட்டில் மெதுவாகப் போனால் ஒருவேளை வாய்க்கும். உண்மையில் சிறுத்தைக்கு ஆபத்து பூங்காவுக்கு வெளியே, தேயிலை மலையில்தான். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் அது மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி அகப்பட்டுச் செத்தது. ஊரில் நிற்கும் நாளில் கம்பியில் மாட்டிய மிருகம் பற்றிக் கேள்விப்பட்டால் போன் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டம் கூடினால் அது திமிற, கம்பி இன்னும் இறுகும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே தகவல் சொல்லி, மயக்க ஊசியோடு மிருக வைத்தியர் வரும்வரை லயத்துப் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.