12 வருடமாக ஒரே நீல ஜீன்ஸ்: அண்ணன் முட்டியும் என் முட்டியும்

போன வாரம் என் ஜீன்ஸ் நான்காவது முறையாகக் கிழிந்தது. எப்போதும் போலக் கவட்டையில்தான், வலது பக்கம், போன முறை போட்ட ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி. சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கினேன், டர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாங்கி 12 வருடம் ஆகிறது என்பதால் கோபமெல்லாம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரி, இதைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது. வாங்கிய மறுநாளே விமர்சனம் எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். செல்போனுக்கு அது சரி. ஜீன்ஸை மறுநாள் பார்த்து என்ன சொல்ல முடியும்? முதல் ஆறு மாதம் அது வெறும் நீல அட்டை.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்த மாடலை நிறுத்தி வெகுநாளாகிறது, இடுப்பில் இருந்த தோல் லேபிளும் துவைத்துத் துவைத்துச் சருகு மாதிரி சுருண்டு உதிர்ந்துவிட்டது. முழுக்கப் பருத்தி, இழுபடும் நூல் கிடையாது, ஸ்ட்ரெய்ட் கட், 14 அவுன்ஸ் துணி. அவுன்ஸ் என்பது ஒரு சதுர கஜம் துணியின் எடை, 14 என்றால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 475 கிராம். நனைந்த பிறகு அதை வாளியிலிருந்து தூக்கிப் பிழிந்து பார்த்தால்தான் அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். வாங்கும்போது எந்த இடத்திலும் வெளுப்பு கிடையாது, கிழிசல் கிடையாது, மேலிருந்து கீழ் வரை ஒரே கருநீலம். எனக்கு அதுதான் முக்கியம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் என் முதல் இரண்டு ஜீன்ஸும் என்னுடையவை இல்லை. முதலில் பெரியப்பா பையன் போடுவான், அவனுக்குப் பத்தாமல் போனதும் என் அண்ணன், அவனுக்கும் பத்தாமல் போனதும் நான். என் கைக்கு வரும்போது அந்த ஜீன்ஸ் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்திருக்கும். என் முட்டி இருக்கும் இடத்தில் துணி கருநீலமாக இருக்கும், அதற்கு நாலு விரல் கீழே, கணுக்கால் பக்கமாகப் போகும் எலும்பின் மேல், வெள்ளையாக ஒரு வட்டம். அது அண்ணன் முட்டி. அவன் என்னைவிட உயரம், அதனால் அவன் முட்டி என் காலில் அங்கேதான் விழும். பின் பாக்கெட்டில் ஒரு செவ்வக அச்சு வேறு. பெரியப்பா பையன் அதில் எப்போதும் சீட்டுக்கட்டு வைத்திருப்பானாம். ஒரு தடவை வீட்டுக்கு வந்த சித்தப்பா, "பாக்கெட்ல என்னடா சீட்டுக்கட்டு?" என்று அதட்டினார். எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வெறும் அச்சுதான் என்று சொன்னால் நம்பவும் இல்லை, கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

கீழே பாதத்துப் பக்கம் இன்னும் சுவாரசியம். பிள்ளை வளரும் என்று நீளமாக வாங்கி உள்ளே மடித்துத் தைத்து, வருடா வருடம் ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவார்கள் இல்லையா, பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் விளிம்பு வெள்ளைக் கோடாக அப்படியே நிற்கும், கோட்டுக்குக் கீழே அதுவரை வெளிச்சமே படாத கருநீலப் பட்டை. என்னிடம் வந்தபோது அதில் மூன்று கோடுகள் இருந்தன. அவர்கள் இரண்டு பேரும் எந்த வயதில் எவ்வளவு உயரம் என்று எழுதி வைத்த மாதிரி. அம்மா எனக்காக மறுபடி மேலே மடித்தபோது முதல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் மேலே போக வேண்டியிருந்தது. அதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

நாளாக நாளாக என் முட்டியும் தேய்க்கும், அண்ணன் முட்டி மறைந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறையவே இல்லை, என் வட்டமும் வந்து இரண்டு வட்டமானது. காரணம் துணியிலேயே இருக்கிறது, ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் சாயம், குறுக்கே போகும் ஊடை நூல் வெள்ளையாகவே விடப்படும், உள்பக்கம் வெளிறித் தெரிவது அதனால்தான். அந்தச் சாயம் அவுரி நீலம். இப்போது ஆலையில் செயற்கையாகச் செய்தாலும் பொருள் அதேதான். அவுரி தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைப்பதற்காக வேதிப்பொருள் சேர்க்கும்போது தொட்டியில் இருக்கும் நீர் மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்ததும் காற்று பட்டுக் கண் முன்னாலேயே நீலமாக மாறும். இப்படிப் பல தடவை முக்கி முக்கி எடுத்தாலும் நிறம் நூலின் மேல்தோலோடு நின்றுவிடும், நடுவில் வெள்ளை அப்படியே இருக்கும். உரசும் இடத்தில் மேல்தோல் போகிறது, உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. அண்ணன் முட்டி அதன் மேல் பட்ட கறையாக இருந்திருந்தால் துவைத்து எடுத்திருக்கலாம். அங்கே இருந்த நீலத்தையே அவன் தேய்த்துக் கொண்டுபோய்விட்டான், அதை யார் திருப்பித் தருவது?

எனக்கென்று வாங்கிய முதல் ஜீன்ஸ் 11 வயதில் கிடைத்தது. யார் முட்டியும் இல்லாத ஜீன்ஸ். இரண்டு வருடம் விடாமல் போட்டேன். முட்டியில் சரியாக என் வட்டம் வந்தது, தொடையின் மேல் உட்கார்ந்து எழுந்த மடிப்புகள் பூனை மீசை மாதிரி விரிய ஆரம்பித்தன, இடது தொடையில் பேனா கசிந்து ஒரு மைக்கறை, அதுவும் என்னுடையது. ஒரு விடுமுறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் ஜீன்ஸைக் காணோம். அம்மா தெரிந்தவர் வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். "உனக்குத்தான் பத்தலையேடா, இடுப்பு பட்டனே போட முடியல" என்றார். உண்மைதான். பட்டன் போடாமல் சட்டையை வெளியே விட்டுக்கொண்டுதான் கடைசி மாதங்களை ஓட்டினேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சில நாள் கழித்துத் தெருவில் அந்தப் பையனைப் பார்த்தேன். மைக்கறையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கீழே இரண்டு மடிப்பு மடித்திருந்தான், என் வெள்ளை வட்டம் அவன் முட்டிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், அவனுக்கு அது யாருடையது என்று கூடத் தெரிந்திருக்காது. எனக்கு அவன் மேல் கோபம் வந்ததா, அவனைப் பார்த்துப் பரிதாபம் வந்ததா என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் வருடம் இந்த ஜீன்ஸ் ஒரு தொல்லை. காய்ந்த பிறகு கொடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் தானாக நிற்கும். உட்கார்ந்தால் முட்டிக்குப் பின்னால் வெட்டும். கையில் நீலம், வெள்ளை ஷூவின் ஓரத்தில் நீலம், வெளிர் நிற நாற்காலி உறையில் இரண்டு தொடைகளின் அச்சு நீலமாக. முதல் துவையலில் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பல பேர் சொன்னார்கள், நானும் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அவுரி மேலோட்டமாகத்தான் பிடித்திருக்கிறது, உப்பு அதை நூலுக்குள் தள்ளாது. நாலைந்து முறை துவைத்தால் உதிர வேண்டியது உதிர்ந்துவிடும், அதுவரை வெளிர் நிற சோபா உள்ள வீடுகளுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாம் வருடத்தில் ஒரு விசித்திரம். இடது காலின் பக்கத் தையல் மெல்ல முன்னால் திரும்பி வந்து, இப்போது பாதத்தின் மேல் நிற்கிறது. தையல்காரர் கோணலாகத் தைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மேல் குற்றமில்லை. டெனிம் சாய்வு நெசவு, நூல் போகும் சாய்வுக்குத் தக்கபடி துவைக்கத் துவைக்கத் துணி முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆலையிலேயே துணியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்பது உண்டு, என் துணிக்கு அதைச் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. முதலில் கண்ணை உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது.

மூன்று முதல் ஐந்து வரை பொற்காலம். உடம்போடு ஒட்டிக்கொண்டது, மடிப்பு எல்லாம் அதன் அதன் இடத்தில் விழுந்தது, முட்டி வட்டம் முட்டியிலேயே வந்தது. இதைப் பார்க்கத்தான் வெளுப்பு இல்லாத ஜீன்ஸ் வாங்கினேன். வேறெதுவும் சொல்வதற்கில்லை, நன்றாக இருக்கும்போது யார் கவனிக்கிறார்கள்.

ஐந்தாம் வருடக் கடைசியில் முதல் கிழிசல். நடக்கும்போது தொடை உரசும் இடம், வியர்வை, தூசி எல்லாம் சேருமிடம். கிழிவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை வரும்: உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் நீல நூல் எல்லாம் போய் வெள்ளை ஊடை மட்டும் ஏணிப்படி மாதிரி தெரியும். அப்போதே ஒட்டுப் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். நான் போடவில்லை. ஜீன்ஸ் என்றாலே உறுதி என்று நாம் நம்புவது ரிவெட்டினால். தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கியதும் அதற்குத்தான், பாக்கெட் மூலை பிய்ந்துபோகாமல் இருக்க செம்பு ஆணி அடிப்பது. ஒரு காலத்தில் கவட்டையிலும் ஒன்று இருந்தது, இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த எடுத்துவிட்டார்கள். இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. ரிவெட் இழுபடும் இடத்தைக் காக்கும், உரசும் இடத்தை ஒன்றும் செய்யாது. என் ஜீன்ஸில் ரிவெட் எல்லாம் இன்றும் முழுசாக இருக்கின்றன, இடது பாக்கெட்டில் அதைச் சுற்றியிருந்த துணிதான் போய்விட்டது.

ஒட்டுக்கு நான் வெளியே துணி தேடவில்லை. வாங்கியபோது நீளம் அதிகம் என்று கீழே வெட்டிய இரண்டு வளையங்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அந்தத் துணியிலிருந்துதான் மூன்று ஒட்டும். ஒரு தடவை துவைத்துச் சுருக்கிவிட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு ஒட்டு மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும். முதல் ஒட்டில் அந்தத் தப்பைச் செய்தேன், ஒரு மாதம் கவட்டையில் சுருக்குப்பை கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. ஏழாம் வருடம் ஜிப் போனது, மாற்றினேன், அதில் கதை எதுவும் இல்லை.

துவைப்பது பற்றிக் கட்சிகள் உண்டு. துவைக்கவே கூடாது என்பவர்கள் 2011இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தியைக் காட்டுவார்கள். அங்கே ஒரு மாணவர் 15 மாதம் துவைக்காமல் ஒரே ஜீன்ஸைப் போட்டார், பிறகு துவைத்து 13 நாள் போட்டபோதும் பாக்டீரியா எண்ணிக்கை ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாக்டீரியாவை எண்ணுவதில்லை, மூக்கால்தான் தீர்ப்பு சொல்கிறார். நான் நான்கு மாதம் முயன்று பார்த்துவிட்டு விட்டேன். இப்போது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில், நிழலில் காயப்போடுகிறேன். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்பதை நம்ப வேண்டாம், பெரும்பாலானவை அங்கே சும்மா தூங்கும், அவ்வளவுதான்.

நடுவில் ஆசைப்பட்டு ஒரு ஸ்ட்ரெச் ஜீன்ஸும் வாங்கினேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சுகம், தரையில் சம்மணம் போட்டு உட்காரலாம். ஆனால் அதில் கலந்திருக்கும் எலாஸ்டேன், 1958இல் ட்யூபான்ட் ஆய்வகத்தில் கண்டுபிடித்த இழுபடும் நூல், சூட்டுக்கும் காலத்துக்கும் தளர்ந்துவிடும். இரண்டு வருடத்தில் முட்டி பை மாதிரி தொங்கியது, தொடையில் வெள்ளை வெள்ளையாக நெளிநெளியான மயிரிழைகள் வெளியே நீட்டின. அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று நினைவில்லை, வருத்தமும் இல்லை.

இந்த நீல ஜீன்ஸை மட்டும் கொடுக்க மனம் வந்ததே இல்லை. இந்தக் கிழிசலுக்குப் பிறகுதான், போதும், இடுப்பும் எனக்கு இறுக்கமாகிவிட்டது என்று அக்கா பையனைக் கூப்பிட்டேன். 15 வயது, என் உயரத்துக்கு இன்னும் இரண்டு விரல்தான் குறைவு. கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன வாஷ் மாமா? சூப்பரா ஃபேட் பண்ணியிருக்கான்" என்றான். யாரும் பண்ணவில்லை, நான்தான் என்றேன். புரிந்த மாதிரி தெரியவில்லை. போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றான், என் கண் நேராக அவன் முட்டிக்குப் போனது. வட்டம் கொஞ்சம் கீழே. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு தடவை குந்தி எழுந்தான், மூஞ்சியைச் சுளித்தான். "ரொம்ப கனமா இருக்கு மாமா, மடக்கவே வரல. நீங்களே வெச்சுக்கோங்க" என்று கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் மறுபடி ஊசியை எடுத்துவிட்டேன். பழைய வளையத்தில் மிச்சமிருந்த துணியை விரித்து, அந்தக் கருநீலத்தைக் கிழிசலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த பையன் எட்டிப் பார்த்து, "வேற கலர்ல ஒட்டுப் போடுறீங்களே, அசிங்கமா இருக்காதா?" என்று கேட்டான். அதே துணிதான்டா என்றேன். நம்பவில்லை. இந்த ஒட்டு போக இன்னும் ஒன்றுக்குத்தான் துணி இருக்கிறது.