நலிமோவா, சிசிஜியா?

இரண்டும் சதுரங்கத்தில் சில காய்களே மிஞ்சிய இறுதிக்கட்ட நிலைகளுக்கு விடை சொல்லும் தரவுத்தளங்கள். இரண்டுமே பலகை நிலையை அப்படியே எழுதி வைப்பதில்லை. காய்கள் நிற்கும் கட்டங்களிலிருந்து ஒரு வரிசை எண்ணைக் கணக்கிடுவார்கள். அந்த எண்ணுக்குரிய இடத்தில் விடை மட்டும் இருக்கும். சிப்பாய் இல்லாத நிலைகளில் இரு ராஜாக்களுக்கு 4,096 அமைப்புகள் தேவையில்லை. பலகையைச் சுழற்றினாலும் கண்ணாடிபோல் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்து, ராஜாக்கள் ஒட்டி நிற்பவற்றைக் கழித்தால் 462 போதும். எவ்வளவு அழகான சிக்கனம்!

விடையில்தான் வேறுபாடு. நலிமோவ் மேட்டுக்கு (ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவதற்கு) எத்தனை நகர்வு என்று சொல்லும். 50 நகர்வு விதியை, அதாவது காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் 50 நகர்வு போனால் டிரா கோரலாம் என்பதை, கண்டுகொள்ளாது. ஆறு காய் வரை சுமார் 1.2 டெராபைட். 2013-இல் வந்த சிசிஜி, வெற்றியா, தோல்வியா, டிராவா என்ற முடிவை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தது. அந்த விதியையும் கணக்கில் கொண்டு, ஆறு காய் வரை மொத்தமே சுமார் 150 ஜிபி! சதுரங்கம் ஆடும் இன்ஜினுக்கு (கணினி நிரலுக்கு) என் தேர்வு சிசிஜி. மிகக் குறுகிய மேட் வழியைப் படிக்க நலிமோவ்தான்.