பல்சாரும் மேக்னட்டாரும்: எது பெரிய காந்தம்?

திருகோணமலை உப்புவெளிக் கரையில் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்தால் முள் நடுங்கி நடுங்கி வடக்கில் நிற்கும். அதைத் திருப்பும் பூமிக் காந்தம், காந்த வலிமையை அளக்கும் கவுஸ் என்ற அலகில், அரை கவுஸ்கூட இல்லை. பல்சார் என்ற விண்மீனில் அது சுமார் இலட்சம் கோடி கவுஸ். மேக்னட்டாரில் அதைப்போல நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்கு!

இரண்டுமே நியூட்ரான் நட்சத்திரங்கள்தான்: பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய கரு. சூரியனைவிடக் கனமான பொருள், இருபது கிலோமீட்டர் அகல உருண்டைக்குள். நகரத்திலிருந்து நிலாவெளி தாண்டிக் கொஞ்சத் தூரம், அவ்வளவே.

பல்சார் ஒரு வெளிச்சவீடு: சுழலச் சுழல அதன் கதிர் நம்மைத் தொட்டுத் தொட்டுப் போகும். வெடித்த நட்சத்திரத்தின் மிச்ச முகிலான நண்டு நெபுலாவில் இருப்பது நொடிக்கு 30 தரம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி தேய்வதில்தான் அதற்குச் சக்தி. மேக்னட்டார் ஒரு சுற்றுக்கே சில நொடிகள் எடுக்கும். அது எரிப்பது தன் காந்தப்புலத்தை. புலம் முறுக்கேறி, மேலோடு தாங்காமல் விரிசல்விடும்போது காமாக் கதிர் பீறிடும்.

2004 டிசம்பர் 26ஐ இங்கே யார் மறப்பார்? கடல் வந்து போன மறுநாள், உலக நேரப்படி 27 இரவு, எங்களுக்கு 28 விடியப்புறம், எஸ்ஜிஆர் 1806-20 என்ற மேக்னட்டாரின் வெடிப்பு பூமியை வந்தடைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. நொடிக்கும் குறைவான நேரத்தில், சூரியன் ஒரு இலட்சம் ஆண்டுகளில் தருவதைவிட அதிக ஆற்றல். பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளியிருந்தும் நம் வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனமண்டலத்தை அது அசைத்தது.

சீராகத் துடிப்பதால் நேரம் அளக்க பல்சார் போதும், சரி. என் மனம் நிற்பது மேக்னட்டாரில்தான்: அங்கே அணுவே ஊசிபோல் நீண்டுவிடும்.