எலியும் கோழியும் ஒரே தோட்டத்தில்: வாங்கியதில் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. சிறுவிடை என்னும் உடம்பு சிறிய நாட்டுக்கோழிகள் இருபது, இருபத்தைந்து, இரண்டு சேவல், எப்போதும் ஏதாவது ஒரு அடைக்கோழி. கோழி வந்த முதல் வருஷமே பின்னாலேயே எலியும் குடிவந்துவிட்டது. அஞ்சாறு வருஷத்தில் பொறி, வலை, பெட்டி, மின்சாதனம் என்று கடையில் விற்பதில் பெரும்பாலானதைப் போட்டுப் பார்த்தாயிற்று. இந்த விஷயத்தில் வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனத்தை நம்பாதீர்கள். புதுப் பொருள் எதைக் கண்டாலும் எலி சில நாள் ஒதுங்கித்தான் போகும். அதைப் பார்த்துவிட்டு "அருமை, ஐந்து நட்சத்திரம்" என்று போட்டுவிடுகிறார்கள். ரெண்டு மூணு மழைக்காலம் தாண்டி நின்றது எது என்பதுதான் கேள்வி.

வருவது எந்த எலி என்று முதலில் பாருங்கள். கூரைவழி வருவது வீட்டு எலி. உடம்பைவிட வால் நீளம், தென்னையிலும் ஏறும், ஓட்டுக்கடியிலும் குடித்தனம் நடத்தும். மண்ணைத் தோண்டிக்கொண்டு வருவது பெருச்சாளி. சுவரோரம் பெரிய வளையும் அதன் வாயில் குவிந்த புதுமண்ணும் இருந்தால் அதன் வேலைதான். வளர்ந்தது முக்கால் கிலோவுக்கு மேலும் போகும், கூண்டில் மாட்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். சுண்டெலி தீவன மூட்டையோடு சரி. இன்னொன்று மூஞ்சூறு, நீண்ட மூக்கும் ஒரு வாடையுமாகச் சுவரை ஒட்டியே ஓடும். அது எலி இனமே இல்லை. கரப்பானும் பூச்சியும் தின்கிற பிராணி, அதை அடிக்காதீர்கள். மேலே வருவதற்கு ஒரு வைத்தியம், கீழே வருவதற்கு இன்னொன்று என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனி தீவனக் கணக்கு. ஒரு வீட்டு எலி ஒரு ராத்திரிக்கு 15 முதல் 25 கிராம் தானியம் தின்னும். வளர்ந்த நாட்டுக்கோழிக்கு நாளுக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். ஆக, அஞ்சு எலி சேர்ந்தால் ஒரு கோழியின் தீவனம் போச்சு. தின்பதைவிட மூத்திரமும் புழுக்கையுமாகக் கெடுப்பது அதிகம். சினைக்காலம் 21 முதல் 23 நாள். கோழி அடைகாத்துப் பொரிக்கிற காலமும் கிட்டத்தட்ட அதுவே. ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டி, அந்தக் குட்டிகள் மூணு மாசத்துக்குள் தாங்களே ஈனத் தயார். பொறியில் வாரத்துக்கு ரெண்டைப் பிடித்து இதை ஜெயிக்கவே முடியாது. எலி கோழிக்காக வருவதில்லை, தீவனத்துக்காக வருகிறது. அது கிடைக்காவிட்டால் பாதி எலி தானாகவே இடத்தைக் காலி செய்துவிடும்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருநாள் பொறி இரவல் கேட்டு வந்தான். என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, ராத்திரிக்கு எலிக்குப் பந்தி போட்டு வெச்சுப்போட்டு, காலையில பொறிய வாங்கீட்டுப் போனா ஆச்சா?"

"தீவனம் எந்நேரமும் தட்டுல இருந்தாத்தான் எடை போடும்னாங்க ஆத்தா."

"கோழி ராத்திரில எந்திரிச்சுத் தின்னு பாத்திருக்கியா நீ?"

பையன் சிரித்துவிட்டான். பொறியையும் வாங்கிக்கொண்டுதான் போனான்.

எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். காலையில் ஒரு பங்கு, சாயங்காலம் நாலரை மணிவாக்கில் ஒரு பங்கு. கோழி அடைவதற்கு முன் தட்டு காலியாகிவிட வேண்டும், தட்டையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். அளவு போதுமா என்பதைத் தட்டில் பார்க்காதீர்கள், கோழியில் பாருங்கள். அடைந்த பிறகு ஒன்றிரண்டைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே வலப்பக்கமாக இரைப்பையைத் தொட்டால் உருண்டையாக, தானியம் நெருநெருவென்று கைக்குத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மறுநாள் ஒரு கை கூடப் போடலாம். சிந்திய கம்பையும் நொய்யையும் கூட்டி அள்ளுவதும் இதில் சேர்த்தி. காசே செலவில்லாத வேலை. இதற்குப் பிறகு குறைந்த அளவுக்கு வேறு எதனாலும் எலி குறையவில்லை.

தீவனம் வைக்க முதலில் வாங்கியது நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். ஒரு வருஷம் தாங்கியது. பிறகு மூடியின் விளிம்பைக் கொறிக்க ஆரம்பித்து, ஒரு மழைக்காலத்துக்குள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. எலியின் முன்பல் வருஷத்துக்கு 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. இப்போது இருப்பது பழைய இரும்பு டிரம், மேலே அழுத்தி மூடும் தகர மூடி. துரு வாடை லேசாக வரும் என்பதைத் தவிரக் குறையில்லை.

அடுத்தது வலை. கோழி வலை என்று கடையில் கொடுக்கும் அறுகோணக் கம்பிவலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். எலி உள்ளே வராமல் இருக்க அல்ல. ஒரு அங்குலக் கண்ணில் இளம் எலி உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்துவிடும், அந்த மெல்லிய கம்பியைக் கடித்தும் விடும். தேவைப்படுவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை. சுண்டெலிக்கும் சேர்த்து என்றால் கால் அங்குலம். கூண்டின் நாலு பக்கமும் போட்டால் மட்டும் போதாது. அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். பெருச்சாளி சுவர் அடிவாரத்தில்தான் தோண்டும். தோண்டினால் வலை தட்டும். நாலடி தள்ளிப்போய்த் தோண்டும் யோசனை அதற்கு வருவதில்லை. கதவின் கீழ் இடுக்கை மறந்துவிடாதீர்கள். மரக்கதவு என்றால் அடிவிளிம்பில் தகரப் பட்டை அடித்தே ஆக வேண்டும்.

வலை விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று: கோழி எச்சமும் ஈரமும் சேர்ந்து கீழ் வரிசைக் கம்பியை அரித்துவிடும். மேலே பளபளவென்று புதுசாக இருக்கும் வலை, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மூணாம் வருஷம் கையால் ஒடியும். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் ஓரமெல்லாம் கூளத்தை விலக்கி, குத்தூசியால் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கூண்டுக்குள் நெல் உமி போடுகிறவர்கள் மற்ற இடத்தைவிடச் சுவரோரத்தில் மெல்லிசாகப் போடுங்கள்.

அடுத்து, ரொம்பப் பேர் கேட்கும் மிதித்தால் திறக்கும் தீவனப்பெட்டி. கோழி பலகையில் ஏறினால் மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். படத்தில் பார்க்க அற்புதமாக இருக்கிறது என்று உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒன்று செய்து வாங்கினோம். பெரிய சீமைக்கோழிகளுக்கு இது சரி. நம் சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றேகால் கிலோ. அந்த எடைக்குத் திறக்கும்படி ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், முக்கால் கிலோ பெருச்சாளி ஏறி நின்றாலும் பாதி திறக்கும்! டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்று பலகைமேல் இரண்டு காலால் நின்று மூக்கை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. மூடி படீரென்று விழும் சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டு பழகவே மாசக்கணக்கு ஆயிற்று, குஞ்சுகளுக்கோ உதவவே உதவாது. பெருவிடை, கடா மாதிரி சேவல் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். எங்கள் பெட்டி இப்போது பகலில் மட்டும், மூடியைக் கட்டித் திறந்து வைத்த நிலையில், மழைக்கு நனையாத தட்டாக உழைக்கிறது.

பொறிகளில் பழைய கம்பிக்கூண்டுப் பொறிக்கே என் ஓட்டு. சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் தலை, மசால் வடை மூன்றிலும் கருவாட்டுக்குத்தான் மவுசு. வாங்கியதும் கதவை மேலே கட்டிவிட்டு நாலைந்து ராத்திரி சும்மா தின்ன விடுங்கள். பயம் தெளிந்த பிறகு கட்டை அவிழுங்கள். சுவரை ஒட்டி, எலி ஓடும் தடத்திலேயே வைக்க வேண்டும். அந்தத் தடம் அழுக்கும் பிசுக்குமாகச் சுவரில் கறுப்பாகத் தெரியும். படக்கென்று அடிக்கும் பொறி வைப்பதாக இருந்தால் ஹாலோ பிளாக் கல்லின் ஓட்டைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கோழியின் அலகோ காலோ போய்விடும். டெல்டா வயல்களில் வைக்கும் மூங்கில் வில்பொறியான தஞ்சாவூர் கிட்டியையும் வேலிக்கு வெளியேதான் வைக்கலாம். வரப்பில் பெருச்சாளிக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஒலி எழுப்பி எலியை விரட்டும் மின்சாதனம் தண்டம். அந்த ஒலி சுவரையும் மூட்டையையும் தாண்டாது, திறந்த தோட்டத்தில் கேட்கவே வேண்டாம், எலியும் பழகிக்கொள்கிறது. புதினா எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு மழை வரைக்கும். பசை அட்டையில் எலி மாட்டுவதற்கு முன் ஓணான் மாட்டியது. அதைப் பிரித்தெடுத்த பாட்டுக்குப் பிறகு வாங்கவில்லை.

விஷம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கோழி மேயும் இடத்தில் வேண்டாம் என்பேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடையே இருக்கிறது. துத்தநாக பாஸ்பைடு, அந்தக் கறுப்புப் பொடி, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகி எலியைப் போலவே கோழியையும் கொல்லும். அதற்கு முறிமருந்து கிடையாது. புரோமாடயலோன் கேக் ரத்தம் உறையவிடாமல் செய்து மெதுவாகக் கொல்வது. தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அது தள்ளாடிக்கொண்டு பகலில் வெளியே வரும், கோழி கொத்தும், நாய் தின்னும், தோப்புக் கூகை தூக்கிக்கொண்டு போகும். கூகைதான் நமக்குக் கூலியில்லாத எலிக்காரன், அதைக் கொன்றுவிட்டு என்ன செய்ய? வைத்தே தீர வேண்டுமென்றால் பூட்டுப்போட்ட பெட்டிக்குள், கூண்டிலிருந்து தள்ளி வையுங்கள், செத்ததைத் தேடி எடுத்து ஆழப் புதையுங்கள்.

குஞ்சு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. மூங்கில் பஞ்சாரம் காக்கைக்கும் பருந்துக்கும் போதும், எலிக்குப் போதாது. அந்த இடுக்கு வழியாகவே இழுத்துவிடும். பொரித்ததிலிருந்து ஒன்றரை மாசம், ராத்திரியில் தாயோடு சேர்த்துக் கால் அங்குல வலைப்பெட்டிக்குள் அடைக்கிறோம். முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஓடு கிடந்து, ஒரு முனையில் பொடிப்பொடியாகக் கடித்திருந்தால் எலி. ஓடே இல்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பாகவும் இருக்கலாம், கூடைக்குள் கைவிடுமுன் பாருங்கள். ஒரு எலி மல்லாந்து முட்டையைக் கட்டிக்கொள்ள இன்னொன்று வாலைப் பிடித்து இழுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை. முன்காலாலும் தாடையாலும் தள்ளி உருட்டிக்கொண்டு சுவரோரம் போய், அங்கே உட்கார்ந்து சாவகாசமாகக் கடித்தது.

மேலே வரும் வழிக்குத் தென்னையில் தகரப் பட்டை: தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலம். ஆனால் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் தோப்பில் ஒரு மரத்துக்கு மட்டும் கட்டிப் பயனில்லை. எங்களுக்கு அதைவிட உதவியது, கூண்டுக் கூரையைத் தொடும் மட்டைகளை வெட்டிவிட்டது. தேங்காய் மட்டைக் குவியலையும் விறகையும் கல்மேல் ஏற்றி, கூண்டைவிட்டு நகர்த்தியதில் பெருச்சாளி வளை குறைந்தது. கூடவே சாரைப்பாம்பு வரத்தும் குறைந்தது. எலிக்காகப் பூனை வளர்க்கலாம் என்றால், அது குஞ்சைத் தொடும். வீட்டு நாட்டுநாய் வளையைத் தோண்டுவதில் கெட்டிக்காரி, ஆனால் கீரைப்பாத்தியையும் விட்டுவைப்பதில்லை.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அள்ளுங்கள். மழைக்காலத்தில் வெறுங்காலோடு, அதுவும் காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது, கூண்டோரத் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாக வருகிறது.

வருஷத்தில் ரெண்டு தடவை எண்ணிக்கை ஏறுவது இன்னமும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் ஒன்று, சுற்றுக் காட்டில் மக்காச்சோளம் அறுத்ததும் ஒன்று. அந்தச் சமயங்களில் மட்டும் பொறிகளைப் பரணிலிருந்து இறக்குகிறோம். இந்த மழைக்கு முன் கீழ் வரிசை வலையை மாற்றியாக வேண்டும். வெல்டிங்காரர் துருப்பிடிக்காத ஸ்டீல் வலை போடச் சொல்கிறார், விலையைக் கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. கோழிக்கூண்டுக்கு அதைப் போட்டு நாலைந்து வருஷம் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், எச்சத்துக்கு எப்படித் தாங்குகிறது என்று சொல்லுங்கள்.