வான்கூவரிலிருந்து சமவெளிக்கு: ‘தி கனேடியன்’ ரயில்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவருக்கும் கிழக்கே உள்ள டொராண்டோவுக்கும் இடையே, அந்நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான வயா ரயில் இயக்கும் ‘தி கனேடியன்’ வண்டி 4,466 கிலோமீட்டர் தூரத்தை நான்கு இரவுகளில் கடக்கிறது. விளம்பரங்கள் ராக்கி மலையையே காட்டினாலும், பசிபிக் கரையின் ஈரமும் சமவெளியின் வறட்சியும் ஒரே ஜன்னலில் அடுத்தடுத்துத் தெரிவதே இதன் பெரிய சிறப்பு என்பேன்.

கடலை எதிர்பார்த்து ஏறுபவர்களுக்கு ஏமாற்றம்தான். வண்டி கடலுக்கு முதுகு காட்டி ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொள்கிறது. கடற்காற்றின் ஈரத்தை மலைத்தொடர்கள் மேற்குச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடுவதால், பாசி படர்ந்த மரங்கள் பின்தங்கி, கம்லூப்ஸ் நகரத்தின் பக்கம் நிலம் வறண்டுவிடுகிறது. இந்த மாற்றம் நிகழும் பகுதியைக் கால அட்டவணை இருட்டில் தள்ளிவிட்டிருப்பது பெரிய குறை.

சமவெளிக்கு அந்தக் கதி இல்லை. வண்டி நேரத்துக்கு ஓடினால் சஸ்கட்டூனுக்கும் வின்னிபெக்குக்கும் இடையிலான பகுதி பகலில் வருகிறது. கண்ணாடிக் கூரைப் பெட்டியில் இடம்பிடித்து உட்கார வேண்டிய நேரம் அதுவே. தொடுவானத்தில் புள்ளியாகத் தோன்றும் தானியக் கிடங்கு மெல்ல மெல்ல உயர்ந்து, பக்கத்தில் வந்ததும் தண்டவாளத்தை ஒட்டிச் சில வீடுகளையும் ஒரு சரக்கு லாரியையும் காட்டிவிட்டு, வந்த வேகத்திலேயே பின்னால் சிறுத்துப்போகிறது. 1870களில் தொடங்கிய நில அளவை இந்த நிலத்தை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்ததால், மண்சாலைகள் இன்றும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஜூலையில் அச்சதுரங்களில் பல கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிரின் பூவால் மஞ்சளாகிவிடும். மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்து வாழும் வான்கூவரைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு, அடுத்த வீடு தொலைவில் ஒரு மரக்கூட்டமாக மட்டுமே தெரியும் இந்த வாழ்க்கை திகைப்பூட்டும். குளிர்காலமும் அப்படித்தான்: அங்கே பெரும்பாலும் மழை, இங்கே மைனஸ் 30 டிகிரிகூட அதிசயமில்லை.

எகானமி வகுப்பில் சாயும் இருக்கை மட்டுமே, உணவுக்குத் தனிக் கட்டணம். படுக்கை வகுப்புக் கட்டணத்தில் உணவும் சேர்ந்தே வருகிறது. தண்டவாளத்தின் பெரும்பகுதி சிஎன் (கனேடியன் நேஷனல்) என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், நீண்ட சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டுப் பல மணி நேரம் தாமதமாவது இந்த வழித்தடத்தில் வழக்கம். இறங்கிய அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

பணமோ நாளோ குறைவாக உள்ளவர்கள் வின்னிபெக்குடன் இறங்கிவிடலாம். அதன்பின் வரும் ஒண்டாரியோவின் காடும் ஏரியும் அழகுதான் என்றாலும், ஒரே மாதிரி நீண்டுகொண்டே போகின்றன.