அம்மாவோடும் மகளோடும் வி.ஜி.பி.யில் ஒரு நாள்

கடந்த டிசம்பரில் டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தோம். வங்கி, பல் மருத்துவர், உறவினர் வீடுகள் என்று ஓடியது போக, ஒரு முழு நாளை என் எட்டு வயது மகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கே போவது என்ற கேள்வி எழுந்ததும் அக்காவின் பிள்ளைகள் ஒரே குரலில் வொண்டர்லா என்றார்கள். திருப்போரூர் அருகே அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவை அந்த மாதத் தொடக்கத்தில்தான் திறந்திருந்தார்கள். 43 விளையாட்டுகள் இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான் சின்னவன். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, “வி.ஜி.பி.க்குப் போகலாமே” என்றார். அப்பா போனபிறகு அம்மா வாய்விட்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் முறை. அதற்கு மேல் பேச்சே எழவில்லை.

ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு நான் முதன்முதலில் போனது 1996 கோடை விடுமுறையில். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்கும் வி.ஜி.பி. என்ற மூன்றெழுத்துக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. கூடத்தில் ஓடிய மின்விசிறி வி.ஜி.பன்னீர்தாஸ் கடையில் தவணைக்கு வாங்கியது. கைக்கடிகாரம், ரேடியோ, பீரோ என்று மொத்தப் பணம் கொடுத்து வாங்க முடியாத குடும்பங்களுக்குள் பொருள்கள் தவணை வழியே நுழைந்த காலம் அது. அந்தக் கடைக்காரர்களே கடற்கரையில் பூங்காவும் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னபோது, அதற்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா என்று நான் கேட்டேனாம். அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

அன்று மயிலாப்பூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் போவது ஊர்விட்டு ஊர் போவது போலத்தான். பறக்கும் ரயில் அப்போது சேப்பாக்கத்தோடு நின்றிருந்தது. பஸ்ஸில் திருவான்மியூரைத் தாண்டினால் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதன் இடுக்குகளில் கடல். அம்மா கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைச் சவுக்கு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

இந்த முறை திருமயிலை ஸ்டேஷனிலிருந்து திருவான்மியூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘சென்னை ஒன்று’ என்ற செயலியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். சில்லறைக்குத் திண்டாடும் வேலை இல்லை. யுபிஐ மூலம் பணம் கட்ட இந்தியத் தொலைபேசி எண்தான் வேண்டும் என்பதும் பழைய கதை. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. வங்கிக் கணக்குகளைக் கனடா எண்ணோடும் இணைக்கலாம். ஆனால் அந்த இணைப்பைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நான் ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் வங்கிக் கிளையில் ஒரே படிவத்தை மூன்று நாள் மூன்று மேசைகளில் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஓர் இளம் பெண் அதிகாரி, சாப்பாட்டு நேரத்தையும் பாராமல் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

திருவான்மியூர் நிலையத்தில் அம்மா கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார். வந்த இரண்டு பஸ்களில் ஏற மறுத்துவிட்டார். பெண்களுக்குக் கட்டணமில்லாத, முன்புறம் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பஸ்தான் வேண்டுமாம். நான் டிக்கெட் எடுக்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து அது வந்தது. நடத்துநர் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “சார், உங்களுக்கு மட்டும்தான் காசு” என்றார். என் மகள் அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். 2021 முதல் நடக்கிற திட்டம் இது. பக்கத்து இருக்கையில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் தினமும் இப்படித்தான் போய்வருவதாகச் சொன்னார். மிச்சமாகும் பணத்தைப் பேத்தியின் படிப்புக்குச் சேர்க்கிறாராம். அதைக் கேட்ட பிறகு, இருபது நிமிடம் காத்திருந்தது எனக்கு உறுத்தவில்லை.

சவுக்குத் தோப்பைக் காணோம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றுவிட்டது. இருபுறமும் கடைகளும் அடுக்குமாடிகளும். இறங்க வேண்டிய இடத்தை நான் தவறவிட்டிருப்பேன். அம்மாதான் கையைப் பிடித்து எழுப்பினார்.

அவர் நின்றிருந்தார்!

வி.ஜி.பி. என்றதும் என் தலைமுறைக்கு நினைவு வருவது சிலை மனிதர்தான். தலைப்பாகை, முறுக்கிய மீசை, அரண்மனைக் காவலர் உடை. நுழைவாயிலருகே கண்ணைக்கூட அசைக்காமல் மணிக்கணக்கில் நிற்பார். அவரைச் சிரிக்க வைத்தால் பெரிய பரிசு என்று எங்கள் பள்ளியில் பேசிக்கொள்வோம். 1996இல் நானும் என் வயதுப் பையன்கள் ஒரு பட்டாளமும் அவர் முன்னால் குரங்கு போலக் குதித்தோம், நாக்கை நீட்டினோம், ஒருவன் தும்மியும் பார்த்தான். அவர் அசையவில்லை. கடைசியில் அப்பா அருகே போய் அவர் காதோரமாக ஏதோ சொன்னார். அதற்கும் அசைவு இல்லை. என்ன நகைச்சுவை சொன்னீர்கள் என்று வீடு வரும்வரை நச்சரித்தேன். அப்பா சொல்லவே இல்லை.

என் மகளுக்குப் பூங்கா என்றால் உயரம். டொராண்டோ பக்கத்தில் இருக்கும் கனடாஸ் வொண்டர்லேண்டில் 93 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் ஒன்று உண்டு. அதில் ஏறத் தன் உயரம் போதவில்லை என்று ஆண்டுதோறும் சுவரில் கோடு போட்டு அளந்துகொண்டிருப்பவள் அவள். இங்கே வந்ததும் தலையை அண்ணாந்து எதையோ தேடினாள். பிறகு சிலை மனிதரைப் பார்த்தாள். “இவர் உண்மையா, பொம்மையா?” என்று என் சட்டையை இழுத்தாள்.

அப்போதுதான் அம்மா சொன்னார். “உன் தாத்தா இவர் காதில் நகைச்சுவை ஒன்றும் சொல்லவில்லை. ‘தம்பி, கால் வலிக்கவில்லையா? தண்ணீர் ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்டார்.”

முப்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் இருந்த வாக்கியம். அப்பா துறைமுகத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். மாலையில் வந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிலை மனிதரைச் சுற்றி நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா அவருடைய கால்களைப் பார்த்திருக்கிறார்.

என் மகள் குதிக்கவும் இல்லை, நாக்கை நீட்டவும் இல்லை. அவருக்கு எதிரே போய், கைகளை இறுக்கி வைத்துக்கொண்டு, அவரைப் போலவே நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூக்கில் ஈ உட்கார்ந்தபோது முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் நின்றாள். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

பிறகு ராட்டினம், டேஷிங் கார் என்று நாள் போனது. டேஷிங் காரில் என் மனைவி என்னைத் துரத்தித் துரத்தி இடித்தாள். திருமணமான பிறகு அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ராட்டினத்தில் பெட்டி கீழே வந்ததும், இயக்குகிற பையன் அதை முழுவதுமாக நிறுத்தி, “பாட்டி, மெதுவாக, அவசரமே இல்லை” என்று கைகொடுத்து ஏற்றினான். வரிசையில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. உச்சியில் நின்றபோது வங்கக் கடல் முழுக்கத் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தெற்கே கையை நீட்டி, அந்தப் பக்கம்தானே கோவளம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2019இல் திறந்த மீன் காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்கு மேலே மீன்கள் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குளிரூட்டிய இடத்துக்குள் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, வெயிலுக்கு வந்துவிட்டோம்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னீர்தாஸின் தம்பி வி.ஜி.சந்தோசம் தம்முடைய உலகத் தமிழ்ச் சங்கத்தின் மூலம் பல நாடுகளுக்குத் திருவள்ளுவர் சிலைகளை அனுப்பியவர். வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் என் போன்றவர்களுக்கு அது சிறிய செய்தி அல்ல.

மாலையில் கடற்கரை மணலில் மிளகாய் பஜ்ஜியும் மாங்காய்த் துண்டும் வாங்கிச் சாப்பிட்டோம். மகள் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு இன்னொன்று கேட்டாள். திரும்பும்போது நுழைவாயிலருகே வேறொருவர் அதே உடையில் நின்றிருந்தார். மகள் ஓடிப்போய் அவர் அருகே நின்று, குரலைத் தாழ்த்தித் தமிழில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தும் மகள் உட்காரவில்லை. கம்பியருகே கைகளை இறுக்கி, கண்ணை ஒரே இடத்தில் வைத்து நின்றுகொண்டாள். பாட்டி கன்னத்தைக் கிள்ளினார், அசையவில்லை. நடத்துநர் டிக்கெட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கொட்டிவாக்கம் தாண்டும்போது பஸ் குலுங்கியது. நான் பின்னாலிருந்து அவள் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.