சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: கிளவுட் ஸ்டோரேஜ்ல எது நிஜமா சீப்?

நம்ம ஃபைல நெட் வழியா ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல வாடகைக்கு வைக்கிறது தான் கிளவுட் ஸ்டோரேஜ். ஜிபிக்கு மாசம் ரெண்டு சென்ட் தானேன்னு பாத்தவுடனே கார்ட நீட்டிடாதீங்க. அது வெறும் குடோன் வாடகை, சரக்க வெளிய எடுக்கும்போது தான் சுமைகூலி தனியா வரும். 1000 ஜிபி ஃபோட்டோ, வீடியோ இருக்குன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கணக்கு போட்டு பாப்போம்.

அமேசான் எஸ்3 ஸ்டாண்டர்ட், அமெரிக்கா வர்ஜீனியா ரேட்டு 2.3 சென்ட், ஆக மாசம் 23 டாலர். ஏத்துறதுக்கு டிராஃபிக் காசு (டேட்டா போக வர கூலி) கிடையாது, ஆனா ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, எல்லாத்தையும் ஒருதடவ இறக்கணும்னா முதல் 100 ஜிபி ஃப்ரீ போக மிச்சம் 900க்கு 9 சென்ட் வீதம் 81 டாலர், அதாவது மூணரை மாச வாடகை ஒரே மூச்சுல காலி. மும்பை ரீஜியன்னா 10.93 சென்ட், இன்னும் வலிக்கும். மொத்தமா காலி பண்ணிட்டு வேற இடம் போறேன்னு சப்போர்ட்ல சொல்லி அனுமதி வாங்கினா 2024 மார்ச்ல இருந்து இத தள்ளுபடி பண்றாங்க, கேக்காதவங்களுக்கு கிடையாது.

கிளவுட்ஃப்ளேர் ஆர்2 நேர் எதிர். வாடகை 1.5 சென்ட், 10 ஜிபி ஃப்ரீ போக 14.85 டாலர், வெளிய எடுக்க டிராஃபிக் காசே இல்ல. ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது ஃபைல போடு, எடுன்னு ஒவ்வொரு தடவ கேக்குறதுக்கு மட்டும் காசு: எழுதுறதுக்கு பத்து லட்சத்துக்கு 4.50 டாலர், படிக்கிறதுக்கு 36 சென்ட். பேக்பிளேஸ் பி2 இதவிட சீப், 2023 அக்டோபர்ல டிபிக்கு (1000 ஜிபி) மாசம் 5 டாலர்ல இருந்து 6 ஆக்கினாங்க, ஆனா அப்பவே வச்சிருக்கிற அளவுல மூணு மடங்கு வரைக்கும் மாசாமாசம் ஃப்ரீயா இறக்கிக்கலாம்னும் மாத்தினாங்க, அதத் தாண்டினா ஜிபிக்கு 1 சென்ட்.

வசாபிங்கிற கம்பெனியும் கிட்டத்தட்ட இதே ரேஞ்சு தான், ரிக்வெஸ்ட்டுக்கும் காசு வாங்குறதில்ல. ஆனா 100 ஜிபி மட்டும் வச்சாலும் பில் 1 டிபிக்கு தான் வரும், அப்புறம் இன்னைக்கு போட்ட ஃபைல பத்தாவது நாள் அழிச்சாலும் 90 நாள் வாடகைய வாங்கிடுவாங்க. தினம் பேக்கப் எடுத்து பழச அழிக்கிறவங்க அந்தப் பக்கம் போகாதீங்க.

இதுல பெரிய ஆசை காட்டுறது அமேசானோட கிளேசியர் டீப் ஆர்க்கைவ் தான். 1 டிபிக்கு மாசம் 99 சென்ட்! டீக்காசு மாதிரி இருக்கு இல்ல? திருப்பி எடுக்கணும்னா சீப்பான வழியில 48 மணி நேரம் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கு 2.50 டாலர், அப்புறம் அதே 81 டாலர். ஏழு வருஷ வாடகை ஒருதடவ எடுக்குறதுக்கே போயிடுது. உள்ள போட்டா குறைஞ்சது 180 நாள் கணக்கு வேற. குட்டி குட்டி ஃபைலா பத்து லட்சம் இருந்தா உள்ள தள்ளுற ரிக்வெஸ்ட்டுக்கே 50 டாலர், அதனால ஜிப் பண்ணி, ஒரே ஃபைலா கட்டி போடுங்க. வீடே எரிஞ்சாத்தான் தொடுவேன்ங்கிற சரக்குக்கு மட்டும் இது சரி.

என்னைய ஒருதடவ கவுத்தது இது எதுவும் இல்ல. எந்த கம்பெனின்னு வேணாம், பெரிய வீடியோ ஒண்ணு ஏத்துறப்ப கரண்ட் போய் போய் வந்து பாதியில நின்னுடுச்சு, அந்த அரைகுறை துண்டெல்லாம் லிஸ்ட்ல கண்ணுக்கே தெரியாம உள்ள உக்காந்துக்கிட்டு மாசாமாசம் வாடகை ஏறிக்கிட்டே இருந்துச்சு, மூணு மாசம் கழிச்சு தான் கண்டுபிடிச்சேன். எஸ்3லயும் இப்படித்தான், முடியாத அப்லோட 7 நாள்ல அழின்னு ஒரு லைஃப்சைக்கிள் ரூல் போட்டுட்டா தொல்ல விட்டுச்சு. வெர்ஷனிங் (பழைய காப்பியையும் சேத்து வைக்கிற வசதி) ஆன்ல இருந்தாலும் உஷாரு, நீங்க டெலீட் பண்ணினது நிஜமா போகாது, பழைய காப்பி ஒவ்வொண்ணுக்கும் காசு ஓடும்.

நான் இப்போ பேக்கப்ப பி2ல வச்சிருக்கேன், அங்க தினசரி செலவுக்கு ஒரு வரம்பு வச்சு அதோட நிறுத்திக்க முடியும், அமேசான்ல பட்ஜெட் வச்சா சாதாரணமா மெயில் தான் வரும், மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். சைட்ல நாலு பேர் பாக்குற படமெல்லாம் ஆர்2. எஸ்3ய, வேற அமேசான் சர்வீஸோட சேர்ந்து ஓடுற வேலை இருந்தா தவிர தொடுறதில்ல. ஆங், மேல சொன்ன ரேட் எதுலயும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரல, அதையும் கூட்டிக்கோங்க.